சித்தன்னவாசல்: பாறையில் மலர்ந்த தாமரைக் குளம்

பட்டிப்பொல இலங்கைப் புகையிரதப் பாதையிலே மிக உயர்ந்த நிலையம். அங்கு மூடுபனியும் ஈரக்காற்றும் ஓயாமல் சுவர்களைத் தழுவிக்கொண்டிருக்கும். தோட்டக் கோயிலொன்றின் சுவரில் இவ்வாண்டு தீட்டிய வண்ணம் சில ஆண்டுகளில் மங்கிவிடுதலை அவ்வூரார் நன்கு அறிவர். அவர்களுக்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாது நிற்கும் ஓர் ஓவியக் கூரையின் வரலாறு வியப்பளிக்கும். அக்கூரை, மலையகத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த புதுக்கோட்டைச் சீமையிலேயே உள்ளது என்பது வியப்பினை மேலும் மிகுவிக்கும்.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, அன்னவாசலை அடுத்துள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள குன்றின் கீழ்ப்புறத்தில் ஏழடிப்பட்டம் என்னும் குகையும், அதனுள் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகளும் உள்ளன. மேற்புறத்தில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது அறிவர் கோயில். சிறிய கருவறையும் அதன் முன் ஒரு மண்டபமும் கொண்ட எளிய கோயில் அது. உட்புகுந்து தலைநிமிர்வோர் காண்பது கூரை முழுவதும் பரந்து கிடக்கும் தாமரைக் குளம். மொட்டும் மலரும் இலையும் நெருங்கிய அந்நீரில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் உலவுகின்றன, யானைகளும் எருமைகளும் இறங்கி நிற்கின்றன. மூவர் மலர் கொய்கின்றனர். அறிவுரை கேட்கச் செல்லும் அடியார்கள் வழியிலே மலர் பறிக்கும் சமண நூற் காட்சி இது என்பர் அறிஞர். தூண்களிலே ஆடல் மகளிர் இருவரும், முடியணிந்த மன்னன் ஒருவனும் அவன் தேவியும் தீட்டப்பட்டுள்ளனர்.

இவ்வோவியங்களை 1920ஆம் ஆண்டளவில் கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் உலகறியச் செய்தனர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை இவை என்றே முதலில் கருதப்பட்டது. பின்னர், கோயிலின் முன்னுள்ள தமிழ்க் கல்வெட்டு அக்கருத்தை மாற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சியிலே, மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் உள் மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் அமைத்தார் என்று அது கூறுகிறது. இன்று காணும் ஓவியங்களை அத்திருப்பணியோடு இணைத்துக் கூறுவர். அப்பூச்சின் அடியிலே அதனினும் பழைய பூச்சொன்று இருத்தலையும் ஆய்வாளர் கண்டனர். தீட்டிய ஓவியர் எவரென்பதை மட்டும் கல்வெட்டு கூறவில்லை.

இவை இத்துணைக் காலம் நிலைத்தது எவ்வாறு? பாறையின் மீது மணல் கலந்த சுண்ணச் சாந்தைப் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு, செம்மண், மஞ்சட்காவி, பச்சைமண், கரி ஆகியவற்றால் வண்ணம் தீட்டினர். மண்ணிலிருந்து பெற்ற நிறங்களாதலின் அவை எளிதில் வெளிறுவதில்லை. குடைவரையோ மழையையும் வெயிலையும் தடுத்தது. ஆயினும், காவலின்றிக் கோயில் திறந்துகிடந்த காலத்திலே புகையும் கீறல்களும் பல பகுதிகளைச் சிதைத்தன. இயற்கை செய்யாத கேட்டினை மனிதன் செய்தான். இன்று இந்தியத் தொல்லியல் துறை அதனைக் காத்து வருகிறது.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் மியூஸ்டைர் என்னுமிடத்துத் துறவு மடக் கோயிலும் இத்தகையதே. ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் தீட்டப்பெற்ற விவிலியக் காட்சிகள் அதன் சுவர்களில் உள்ளன. பிற்காலத்தார் அவற்றின்மேல் வேறு ஓவியங்கள் தீட்டினர், வெள்ளையும் பூசினர். 1894இல் அறிஞர் இருவர் பழைய வண்ணங்களைக் கண்டுணர்ந்தனர்; 1947 முதல் 1951 வரை பெரும்பகுதி வெளிக்கொணரப்பட்டது. 1983இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கே மேற்பூச்சு மறைத்தும் வைத்தது, காத்தும் கொடுத்தது. ஆனால் அது நல்லூழ். எல்லாச் சுவர்க்கும் வாய்ப்பதன்று.

மலையகத் தோட்டந்தோறும் கோயில்கள் உள்ளன. குடமுழுக்கு வருங்கால் பழைய சுவரைச் சுரண்டிப் புது வண்ணம் பூசுதல் வழக்கம். அது பக்தியின் செயல், குறை கூறத்தக்கதன்று. எனினும் சுரண்டுமுன் ஒருநாள் பொறுத்தல் கூடாதா? பழைய உருவங்களைப் புகைப்படம் எடுத்துவைக்கலாம். வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் முதியோரிடம் கேட்டுப் பள்ளி மாணவர் ஓர் ஏட்டில் எழுதலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதே போதும்.

திருப்பணி செய்த இளங்கௌதமரின் பெயர் கல்லில் நிற்கிறது. தாமரை தீட்டிய கையின் பெயர் மறைந்தது. தேயிலைச் சரிவுகளிலே தெய்வ உருவங்களைத் தீட்டிய கைகளின் பெயரேனும் மறையாதிருக்கட்டும்.