பிளாப்பியைப் படியெடுப்பது



1985 ஜூலையில் நியூயார்க் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகப்படுத்தியது. ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையிலேயே மவுஸைப் பிடித்து, பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு வண்ணம் தீட்டினார். அதே வகைக் கணினியில் வேறு படங்களும் வரைந்து பிளாப்பி வட்டுகளில் சேமித்துவைத்தார். 1987-ல் அவர் காலமானார். அந்தப் பிளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் கிடந்தன. உள்ளே இருந்த படங்கள் 2014-ல்தான் வெளியுலகுக்கு வந்தன.

மீட்டவர்கள் அதே ஊரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார். கிரையோஃபிளக்ஸ் என்ற கருவியை வைத்து, பிளாப்பியின் காந்தப் பதிவை முழுசாகப் படியெடுத்தார்கள். இப்படி ஒரு வட்டு முழுவதையும் அடக்கிய கோப்புக்குப் பெயர்தான் டிஸ்க் இமேஜ்.

கோப்புகளைக் காப்பி செய்தால் போதாதா? போதாது. நாம் கடைசியாகப் புழங்கிய 3.5 அங்குல பிளாப்பியில் பக்கத்துக்கு 80 டிராக் என்னும் வட்டப் பாதைகள், டிராக்குக்கு 18 செக்டர் என்னும் துண்டுகள், செக்டருக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். உள்ளே ஒரே ஒரு கடிதம் இருந்தாலும் இமேஜ் அதே அளவுதான். கணினியைக் கிளப்பும் பூட் செக்டர் அதில் வரும். அழித்த கோப்பின் மிச்சமும் வரும். சாதாரணக் காப்பியில் இவை வருவதில்லை.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இமேஜ் வடிவம் பிறந்தது. கமடோர் 64-க்கு டி64, அமிகாவுக்கு ஏடிஎஃப். இரண்டும் செக்டரில் உள்ள தகவலை மட்டும் வரிசையாக அடுக்குபவை. பெரும்பாலான வட்டுகளுக்கு அதுவே போதும். ஆனால் விளையாட்டு நிறுவனங்கள் திருட்டுக் காப்பியைத் தடுக்க வட்டிலேயே பொறி வைத்தன. 1987-ல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த டஞ்சன் மாஸ்டர் வட்டில் சில பிட்டுகள் வேண்டுமென்றே தெளிவில்லாமல் எழுதப்பட்டிருந்தன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் வெவ்வேறு விடை வரும். வராவிட்டால் இது அசல் வட்டு இல்லை என்று விளையாட்டு கண்டுகொள்ளும். டி64, ஏடிஎஃப் போன்ற செக்டர் இமேஜில் ஒரு விடைக்குத்தான் இடம். அதனால்தான் ஐபிஎஃப் போன்ற வடிவங்களும், ஆப்பிள் 2 வட்டுகளுக்காக 2018-ல் வந்த வாஸ் வடிவமும் செக்டருக்கு அடியில் இறங்கி, வட்டில் பதிந்த பிட்டுகளின் போக்கையே குறித்துவைக்கின்றன.

என் கருத்து இதுதான்: அடிமட்டப் பதிவை முதலில் எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து செக்டர் இமேஜை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம். செக்டர் இமேஜிலிருந்து அடிமட்டத்துக்குத் திரும்ப வழியில்லை.

இமேஜ் கோப்புகளுக்கு வேறு வேலைகளும் உண்டு. 1995-ல் வந்த எல் டொரிட்டோ முறையில், குறுந்தகடு தனக்குள் ஒரு பிளாப்பி இமேஜை வைத்துக்கொண்டு கணினியைக் கிளப்பியது. பழைய எம்பிராய்டரி மெஷின்களிலும் இசைக் கீபோர்டுகளிலும் பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு கோடெக் என்ற பெட்டியைப் பொருத்துகிறார்கள். பென் டிரைவில் உள்ள இமேஜை அது பிளாப்பியாகக் காட்டும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

வார்ஹால் விஷயத்தில் இமேஜ் எடுத்ததோடு வேலை முடியவில்லை. படங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தையும் அவிழ்த்த பிறகே அவர் வரைந்த சூப் டப்பாவும் வீனஸும் திரைக்கு வந்தன. தமிழுக்கும் இது பொருந்தும். யுனிகோடு பரவுவதற்கு முன் அச்சகங்களில் தட்டெழுதிய கதைகளும் மலர்களும் அந்தந்த எழுத்துருவின் குறியீட்டில் இருக்கின்றன. அதனால் பிளாப்பியோடு அந்த எழுத்துருவையும் காப்பாற்றுங்கள்.

வீட்டில் 3.5 அங்குல பிளாப்பி இருந்தால், முதலில் அதன் மூலையில் உள்ள சின்னத் தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள். பிறகு யாராலும் அதன்மேல் எழுத முடியாது. தூசியோ பூஞ்சையோ தெரிந்தால் டிரைவில் போடாமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல வட்டைப் போட்டும் கணினி ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்பதையே அழுத்துங்கள்.