ஆறும் கணையமும் ஆறாத கணையமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பொறியாளன் உடம்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை, நோயாளி. கணைய அழற்சி இரண்டு தடவை வந்து பிழைத்தவன். இரண்டு தடவையும் படுக்கையில் கிடந்தபடி நான் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், கணையம் ஆறுமா, ஆறாதா?" அதற்குக் கிடைத்த பதிலைச் சொல்லத்தான் இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை 100 கிராம் அளவு. ஆனால் வேலை இரண்டு. ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீர் சுரந்து குடலுக்கு அனுப்புவது. இன்னொன்று, இன்சுலினை ரத்தத்தில் விடுவது. இன்சுலின் சுரக்கும் திட்டுகளை 1869-இல் முதலில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர். அப்போது அவருக்கு வயது 21, மருத்துவ மாணவர். தம்பி தங்கைகள் கவனிக்க!

செரிமான நீரில் இறைச்சியையே கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை கணையத்துக்குள் இருக்கும்வரை செயல்படாத நிலையில் இருக்கும். குடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்ளும். உள்ளேயே விழித்துக்கொண்டால், கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கும். அதுதான் கணைய அழற்சி.

எனக்கு முதலில் வந்தது 2018 மார்ச்சில். மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி. மல்லாக்கப் படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். வாந்தி நிற்காமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரி. லைபேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு மூன்று மடங்கைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அதற்கும் மேலே. பித்தப்பையில் கல் இல்லை. "தம்பி, குடி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள் பார்ட்டியில் வந்த வினை இல்லை. சைட் வேலைக்குப் போன எட்டு வருஷமாக அநேகமாகத் தினமும். கூடவே சிகரெட்.

ஆறு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்படி வருகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இது லேசான வகைதான். வீங்கிய கணையம் வடிந்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். எனக்கும் திரும்பியது. ஸ்கேன் சுத்தம். ஆக, கணையம் ஆறுமா என்றால், ஆறும். அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது.

நம் லேபில் யு.டி.எம். மெஷினில் மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்தது ஞாபகம் இருக்கும். ஓர் எல்லைக்குள் பாரத்தை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே வரும். யீல்டு பாயிண்டைத் தாண்டினால், பாரத்தை எடுத்தாலும் நீண்டது நீண்டதுதான். முதல் தடவை நான் எல்லைக்குள் இருந்தேன். திரும்பி வந்ததைப் பார்த்து, எல்லையே இல்லை என்று நினைத்துவிட்டேன்.

2020 ஜனவரியில் எங்கள் செட்டின் பத்தாம் வருஷ சந்திப்பு. ஒன்றே முக்கால் வருஷமாகத் தொடாதவன். "இன்னைக்கு ஒரு நாள்தானேடா" என்றான் நண்பன். ஆறிடுச்சே என்று நானும் எடுத்தேன். ஊற்றியவன் மேல் குற்றமில்லை. டம்ளரை எடுத்தது என் கை. ஒரு நாள் ஆறு வாரம் ஆனது. மார்ச் முதல் வாரத்தில் மறுபடி அதே வலி. இந்தத் தடவை கணையத்தில் ஒரு பகுதி செத்துப்போனது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. நான் உள்ளே இருக்கும்போதே ஊரடங்கு வந்தது. அம்மா பஸ் இல்லாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டு, தினமும் போனில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். மூக்கு வழியே போகும் குழாயில்தான் சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்த பகுதியைச் சுற்றிச் சுவர் கட்டும்வரை காத்திருந்து, நான்கு வாரம் கழித்து எண்டோஸ்கோப் மூலம் இரைப்பை வழியாக வடித்தார்கள்.

மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். டாக்டர் சொன்னது: "வீக்கம் ஆறும். செத்தது முளைக்காது." கல்லீரலில் பாதியை வெட்டினாலும் சில மாதங்களில் வளர்ந்துவிடும், பெரியவர்களின் கணையத்துக்கு அந்த வரம் இல்லை. அடிபட்ட இடம் தழும்பாகிறது. தழும்பு இன்சுலினும் சுரக்காது, நொதியும் சுரக்காது. இன்றைக்கு நான் இன்சுலின் போடுகிறேன். ஒவ்வொரு சாப்பாட்டோடும் நொதி மாத்திரை எடுக்கிறேன். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. வேலைக்குப் போகிறேன், நடக்கிறேன், சிரிக்கிறேன். வாழ முடிகிறது. ஆனால் போனது போனதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் என்றாலே குடிகாரன் என்று முடிவு கட்டாதீர்கள். பித்தக்கல்லால் வருவதும் ஏராளம். கல்லோடு பித்தப்பையை எடுத்துவிட்டால் திரும்ப வரும் அபாயம் வெகுவாகக் குறையும். ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினாலும் வரலாம். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், குடியே அறியாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் வருவதை டாக்டர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. பலரிடம் மரபணுக் கோளாறு இருப்பது பின்னால் தெரிந்தது. வார்டில் என் பக்கத்துப் படுக்கைப் பையன் அப்படிப்பட்டவன். வருகிறவர்கள் எல்லாரும் அவனைக் கேட்ட கேள்வி எனக்கே வலித்தது.

முதல் தடவை வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட நோயாகிறது. குடியும் புகையும் தொடர்ந்தால் அபாயம் கூடும். கொழுப்பைச் செரிக்கும் சக்தியில் 90 சதவீதம் போகும்வரை கணையம் வெளியே காட்டிக்கொள்ளாது. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பது சான்றிதழ் ஆகாது. வலி முதுகுக்குப் போனால் சோடா கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரியும் நாம் உட்காருவோம். நானும் வருவேன், என் கையில் மோர் டம்ளர் இருக்கும். யாராவது "வேண்டாம்டா" என்றால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். எனக்கு அன்றைக்கு இருந்தது.