அவசரப்படுத்தும் மின்னஞ்சலை நம்பாதீர்!



புரியாத தாளில் கைநாட்டு வைத்து நம் பாட்டன்மார் தோட்டத்தில் ஏமாந்தார்கள். இன்று அதே ஏமாற்று மின்னஞ்சலில் வருகிறது. "வரிப்பணம் திரும்பக் கிடைக்கும், இன்றே அழுத்துங்கள்" என்கிறது. அந்த அவசரம்தான் தூண்டில்.

அனுப்பியவரின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், முகவரியையும் பாருங்கள். மலேசிய அரசாங்க முகவரி 'ஜிஓவி டாட் எம்வை' என முடியும். அப்படியே இருந்தாலும் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

வேலையிடத்தில் முதலாளி பெயரில் "உடனே பணம் அனுப்பு" என்று வந்தால், அவரிடமே கேளுங்கள். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கை மூடுங்கள். வங்கியின் டேக் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும் முன் தடுக்க வேண்டும். வியர்வை சிந்திச் சேர்த்த காசு. கேட்டுத் தெரிந்துகொள்வதில் கேவலமில்லை.