பெயர் தெரியாதவர் என்று எவரும் எழுதப்படக் கூடாது

அவசரத் தொடர்பு எண் என்பது, ஒரு மனிதன் வாய் திறக்க முடியாத நேரத்தில் அவனுக்காகப் பேசும் எண். விபத்தில் நினைவிழந்தவர், நெரிசலில் மயங்கியவர், வழியில் மாரடைப்பு வந்து சரிந்தவர் யார், எந்த ஊர், எந்த வீட்டுப் பிள்ளை என்று மீட்க வந்தவருக்குச் சொல்வது அந்தப் பத்து இலக்கம்தான். முன்கூட்டியே எழுதி வைத்தால் உண்டு; இல்லையென்றால் இல்லை.

காஞ்சி மாநகருக்கு இதன் அருமை தெரியும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் வைபவம். அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளும் பெருமாளைக் காண வந்தவர்கள் ஒரு கோடி என்றார்கள். எண்ணியது யார்? ஆனால் கண்டவர்கள் உண்டு, தெருவெல்லாம் தலை. ஜூலை 18 அன்று அந்தக் கூட்டத்தில் சிக்கி நால்வர் உயிரிழந்தனர். தொலைந்தவரை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மயங்கிக் கிடப்பவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

அடுத்த அத்தி வரதர் 2059இல் என்று யாரும் ஆறியிருக்க முடியாது. வைகாசி கருட சேவை ஆண்டுதோறும் வருகிறது. முகூர்த்த மாதங்களில் பட்டு எடுக்க வரும் குடும்பங்களால் காந்தி சாலை நிரம்பி வழிகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இரவும் பகலும் ஷிப்ட் வண்டிகள் ஓடுகின்றன. பெங்களூரு நெடுஞ்சாலை ஒரு நாளும் உறங்குவதில்லை. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி அடிபட்டுக் கிடந்தால், அவன் தாய்க்குச் சேதி சொல்ல ஒரே மொழி எண்தான்.

இங்கே முதலில் போற்றப்பட வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்கும்போது வண்டியை ஓரம் கட்டுகிறவர். அடிபட்டவரின் தலையை மடியில் தாங்கி, 108ஐ அழைத்து, சட்டைப் பையில் அடையாளம் தேடுகிறவர். அவருக்கு வழக்கு வருமோ என்ற அச்சம் வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றம் காப்பு தந்தது; 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதை உறுதி செய்தது. பெயரைச் சொல் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. கீழே கிடப்பவர் தன் கடமையை முன்பே செய்திருந்தாரா என்பதே கேள்வி.

அந்த நல்லவர் கையில் சிக்குவது பெரும்பாலும் பூட்டிய கைபேசி. உள்ளே ஆயிரம் எண்கள், ஒன்றும் உதவாது. வீட்டிலிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். மருத்துவமனைப் பதிவேட்டில் "பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40" என்று எழுதுகிறார்கள். சிகிச்சை நிற்பதில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தருகிறது. இரத்த வகையையும் மருத்துவமனையே சோதித்துக்கொள்ளும். ஆனால் சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்து ஒவ்வாது என்பதை உடனே சொல்ல வீட்டாரால்தான் முடியும்.

அவசர எண்ணை முன்பே பதிந்து வைக்கும் எண்ணம் உலகில் பரவிய கதையும் கேட்கத் தக்கது. 2005இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆம்புலன்ஸ் பணியாளர் பாப் பிராட்சி, கைபேசியில் உறவினர் எண்ணை, "அவசரம் என்றால்" எனப் பொருள்படும் "ஐஸ்" (ICE) என்ற ஆங்கில மூன்றெழுத்துக் குறிப்போடு சேமிக்கச் சொன்னார். அவ்வாண்டு ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புக்குப் பின் அது நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் மகளை விபத்தில் பறிகொடுத்த கிறிஸ்டின் ஓல்சனுக்குச் சேதி வரப் பல மணி நேரம் ஆனது. அந்தத் தாய் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை, போராடினார். 2006இல் ஓட்டுநர் உரிமத்தோடு அவசர எண்களைப் பதியும் முறை அங்கே வந்தது.

இந்தியாவிலும் உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் அவசரத் தொடர்பு எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில்தான் வேதனை. விண்ணப்பம் நிரப்பித் தருபவர் கேட்கிறார். வந்தவர் தன் எண்ணையே சொல்லிவிட்டுப் போகிறார். அடிபட்டவரை அழைத்தால் அடிபட்டவரின் பையிலேயே மணி அடிக்கிறது!

எதற்கும் செயலி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று முழங்குவோர் உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் "காவலன்" செயலி நல்லதாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் பதிந்த உறவினருக்கும் இருக்குமிடம் போனது. ஆனால் நினைவிழந்தவரின் விரல் எந்தப் பொத்தானை அழுத்தும்? ஏழை வயிற்றையும் தறிக்குழியையும் அறியாத முழக்கம் அது. பொத்தான் கைபேசி வைத்திருக்கும் பிள்ளையார்பாளையத்து நெசவாளப் பெரியவருக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். அவர் நெய்த சேலைக்கு சில்க் மார்க் சீட்டு உண்டு, அதில் எண் உண்டு. உலகின் எந்த மூலையில் கிடந்தாலும் அது அசல் பட்டு என்று தெரியும். நெய்தவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இல்லையென்றால் அது நியாயமா?

எழுதும் முறை எளிது. இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று வீட்டில் இருப்பவருடையது; மற்றொன்று வேறு வீட்டில் இருப்பவருடையது. குடும்பமே ஒரே வேனில் கோயிலுக்குக் கிளம்பும் ஊர் இது. வேன் கவிழ்ந்தால் எல்லாக் கைபேசியும் அதே வேனில்தான் கிடக்கும். எண்ணருகே பெயரும் உறவும் இருக்க வேண்டும். நோயும் மருந்தும் ஒரு வரி. காகிதம் பர்ஸில், உரிமத்துக்குப் பின்னால். கைபேசியில் "அவசரத் தகவல்" பகுதியில் பதிந்தால், பூட்டைத் திறக்காமலே "அவசர அழைப்பு" வழியாகப் பார்க்கலாம். திருவிழாவில் குழந்தையின் மணிக்கட்டுப் பட்டையில் பெற்றோர் எண். சிம் மாறினால் எழுதியதெல்லாம் மாற வேண்டும்.

நல்ல நாளும் அதுவுமாக இதை எழுதுவது அபசகுனம் என்பார்கள். தாய் தந்தையின் எண்ணை எழுதுவதில் சகுனக் குறை ஏது? பெயர் தெரியாத ஒருவர் முன்பின் அறியாதவருக்காக மண்டியிடுகிறார். அவர் தேடும் பையில் அவருக்குப் பதில் இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் இன்றிரவே வீடுதோறும் அந்தச் சீட்டு எழுதப்படட்டும்.