கடன் மட்டும் முதலாகாது

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றிலே, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



சிறு தொழிலொன்று தொடங்க விரும்புகின்றோம். எதைத் தொடங்கலாம், முதலுக்கு எங்கே போகலாம் என்று நம்மிடையே பலர் வினவுகின்றனர். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பார்த்துத் தொழிலைத் தேர்வது பிழை. எத்தொழில் நம் கைக்கு வரும் என்று பார்த்து, அது தாங்கக்கூடிய முதலைத் தேடுவதே முறை. நாம் இன்று வலியுறுத்த விழைவது இவ்வொன்றையே.

இம்முறை நமக்குப் புதிதன்று. காரைநகர், வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து சென்ற நம்மவர் தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் நடத்திய வரலாற்றை நாம் அறிவோம். அவர்கள் முதலாளிகளாகப் பயணப்படவில்லை. கடைப்பையனாகச் சென்றவன் கணக்கெழுதப் பழகினான். சரக்கின் தரம் அறிந்தான். சிங்களமும் பேசக் கற்றான். ஆண்டுகள் சில சென்றபின் பங்காளியானான். அல்லது தனிக்கடை திறந்தான். சேமித்த சம்பளம் சிறிது, உறவினர் கொடுத்தது சிறிது. எஞ்சியதை மொத்த வியாபாரி கடனாகத் தந்த சரக்கு நிரப்பிற்று. அச்சரக்கு விற்ற பின்னரே அதற்குரிய பணம் போயிற்று. கடனின் தவணையும் தொழிலின் வரவும் ஒத்து நடந்தன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே கடைகள் எரிந்தன. வெறுங்கையோடு ஊர் திரும்பியவரிடத்து எஞ்சி நின்ற முதல், பழகிய தொழிலறிவு ஒன்றே.

மற்றொரு பாடமும் உண்டு. 1970ஆம் ஆண்டில் வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நமது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. படித்த வாலிபரும் மண்வெட்டி எடுத்தனர். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அவ்விலை சரிந்தது. உழைப்பிலே குறைவில்லை, ஆயினும் கொழும்பிலே இடப்பட்ட ஒரு கையொப்பம் இங்கே தோட்டக்காரனின் கணக்கை மாற்றியது. ஒரே பயிரை, ஒரே சந்தையை, ஒரே சட்டத்தை நம்பி வீட்டு முதல் முழுவதையும் இறக்குதல் ஆகாது என்பதே அதன் பொருள்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். 2009இல் போர் முடிந்தபின் கடன் கொடுப்போர் நம் கிராமங்களுக்குத் திரளாக வந்தனர். வாரத் தவணைக் கடன் வாசற்படிக்கே வந்தது. கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களே அதனை மிகுதியாக ஏற்றனர். அக்கடனின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

ஓர் இலட்சம் ரூபா கடன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24. 52 வாரத் தவணை என்று கொள்வோம். கட்டவேண்டியது 124,000 ரூபா. வாரத்துக்கு ஏறக்குறைய 2,385 ரூபா. வாரந்தோறும் முதல் குறைந்துவர, வட்டியோ தொடக்கத்திற் பெற்ற முழுத்தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. ஆகவே மெய்யான வட்டி நூற்றுக்கு 40க்கும் மேல். இப்பணத்திலே ஒரு தாய் முட்டைக்கோழிக் குஞ்சுகள் வாங்குகிறாள். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதம் செல்லும். தவணைக்காரரோ அடுத்த வாரமே வருகிறார். முதல் முட்டையைக் காணுமுன் 20 தவணைகள், அதாவது 47,700 ரூபா கட்டியாக வேண்டும். அதனை எங்கிருந்து கட்டுவாள்? கடனாகப் பெற்ற பணத்திலிருந்தே கட்டுவாள்; அது தீர்ந்ததும் காதிலுள்ளதைக் கழற்றி அடைவு வைப்பாள்; பின்னர் இரண்டாம் கடன் எடுப்பாள். கோழி வளர்ப்பு கெட்ட தொழிலன்று, அவள் சோம்பேறியுமல்லள். தொழிலுக்குப் பொருந்தாத கடனே அவளை வீழ்த்தியது.

2018இல் மத்திய வங்கி நுண்நிதிக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என மேல்வரம்பு விதித்ததும், அவ்வாண்டிலேயே வறட்சியுற்ற மாவட்டங்களிலே தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்ததும் இத்துயரின் அளவைக் காட்டுவன. ஆனால் 35 என்பதும் ஏழையின் தொழில் தாங்கும் வட்டியா?

ஆகவே தொழில் தொடங்குவோர் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிப் பார்த்தல் வேண்டும். இத்தொழில் நமக்கோ வீட்டில் ஒருவருக்கோ தெரியுமா? வாங்குவோர் யார், அதே தெருவில் அதே கடை ஏற்கனவே எத்தனை? போட்ட காசு திரும்ப எத்தனை நாள்? ஒரு பருவம் பிழைத்தால் அடுப்பு எரியுமா? வறுத்து இடித்த மிளகாய்த்தூள், இடியப்ப மா, ஒடியல், பனங்கட்டி போன்றவற்றை நம் பெண்கள் பிறர் கற்பிக்காமலே செய்வர். ஐந்து கிலோவிலே தொடங்கி, விற்றுப் பார்த்து, பத்தாக்கலாம். பிழைத்தாலும் இழப்புச் சிறிது, கற்றது பெரிது.

முதலுக்கு முதலிடம் சொந்தச் சேமிப்பு. அடுத்தது நம்பிக்கையானவர் நடத்தும் சீட்டு. அதற்கடுத்தது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். 1911இல் இந்நாட்டிலே கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1930களிலே நம் புகையிலைத் தோட்டக்காரர் மலையாளத்துச் சந்தைக்குத் தம் சரக்கை அனுப்பச் சங்கமாய்க் கூடினர். தனியொருவனால் இயலாததைச் சிறுதொகைகள் சேர்ந்து இயற்றின. சங்கத்தில் நாம் கட்டும் வட்டி நம்மவர்க்கே திரும்பும். ஆயினும் சங்கத்தையும் நாம் கேள்வி கேட்டல் வேண்டும். நிருவாகியின் உறவினருக்கே கடன் போகுமாயின், கணக்கு ஆண்டுதோறும் சபையிலே வாசிக்கப்படாதாயின், அது பெயரளவிலேதான் கூட்டுறவு.

இச்சபையின் முன் ஒரு கோரிக்கை வைக்கின்றோம். விளைவு கண்டபின் தவணை என்னும் விதியை நம் சங்கம் ஏற்றல் வேண்டும். கோழிக்கு ஐந்து மாதமெனின் ஐந்து மாதம் பொறுத்தல். வெங்காயத்துக்கு அறுவடை வரை பொறுத்தல். அரசிடமும் இதனையே கேட்போம். அரசு தரும்வரை காத்திராது நாமே தொடங்குவோம்.

பிறர் தயவிலே நிற்கும் மக்களின் உரிமைக்குரல் உரத்து ஒலிப்பதில்லை. வாரந்தோறும் தவணைக்காரருக்கு அஞ்சிக் கதவடைக்கும் தாயிடம் அரசியல் உரிமை பற்றிப் பேசுவதற்கு முன், அவள் அஞ்சாது கதவைத் திறந்து வைக்க வழி செய்தல் நம் கடன்.