பள்ளியை அறியும் வழி: இனவரைவியலும் பேராக் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளும்



கல்வியை ஆராய்வோர் பெரும்பாலும் எண்களிலிருந்தே தொடங்குகின்றனர். தேர்ச்சி விழுக்காடு, வருகைப் பதிவு, இடைநிற்றல் ஆகியவை இன்றியமையாதன. அவற்றைக் குறைத்துக் கூற நான் வரவில்லை. ஆயினும், ஒரு மாணவன் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அதனை அறிய வேண்டுமாயின், அவன் வாழும் இடத்திற்குச் சென்று, நெடுநாள் உடனிருந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தல் வேண்டும். இம்முறையை இனவரைவியல் என்கிறோம். முதல் உலகப்போர்க் காலத்தில் மலினோவ்ஸ்கி துரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி இம்முறைக்கு வடிவம் கொடுத்தார். பின்னர் வகுப்பறையும் அதன் களமாயிற்று.

இந்நெறி தமிழுக்குப் புதிதன்று. வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரம் கூறுகின்றது. மக்கள் பேச்சைக் கேளாமல் இலக்கணம் இல்லையெனின், மாணவர் பேச்சைக் கேளாமல் கல்வியாய்வு எங்ஙனம் நிறைவுறும்?

நம் பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் வந்தனர். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பிள்ளைகளை எண்ணியது. ஆனால், கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்ற அக்கொட்டகையில் என்ன கற்பிக்கப்பட்டது, பிள்ளை அதனை எவ்வாறு உணர்ந்தது என்பதைச் சட்ட ஏடுகளில் காண இயலாது. மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்த இரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியிட்ட நூலும், தோட்டப் பள்ளி தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாக்கும் சுழலைக் காட்டிய பேராசிரியர் மாரிமுத்துவின் ஆய்வும் நமக்கு அங்கே வழி திறந்தன.

இனி, என் பிழையொன்றைக் கூறுகிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் மாணவர் மொழித்திறனை அளக்கச் சென்றேன். கையில் படங்களும் வினாத்தாளும் இருந்தன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒரு படத்தைக் காட்டி, ‘இது என்ன?’ என்றேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசவில்லை. பன்னிரண்டு படங்களுக்கும் அதே அமைதி. ‘பதில் இல்லை’ என்று பன்னிரண்டு முறை எழுதினேன். ‘மொழித்திறன் குறைவு’ என்னும் பட்டியலில் அவன் பெயர் சேர்ந்தது. ஆசிரியர் கேட்டதற்கிணங்க அப்பட்டியலின் படியொன்றைப் பள்ளிக்கும் அளித்தேன்.

ஒரு வாரத்திற்குப் பின், மாலையில் அவன் தன் பாட்டியுடன் ஒட்டுப்பால் எடுக்கச் செல்வதைக் கண்டு நானும் உடன் நடந்தேன். மழை பெய்தால் ஏன் பெரட்டுக் கலைந்துவிடுகிறது என்று பாட்டியிடம் கேட்டேன். விடை சிறுவனிடமிருந்து வந்தது: ‘மரம் நனைஞ்சிருந்தா வெட்ட முடியாது சார். பாலு கோட்டுல நிக்காது, பட்டையில வழிஞ்சிரும். மங்குல தண்ணி நெறஞ்சிரும்.’ பின்னர் எந்த நிரையில் பால் மிகுதி, ஒட்டுப்பாலை அறாமல் உரிப்பது எப்படி என அரைமணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினான். காரணம், நிபந்தனை, விளைவு என மூன்றையும் ஒரே மூச்சில் இணைத்துப் பேசிய பிள்ளையைத்தான் நான் மொழித்திறன் குறைந்தவன் என்று எழுதியிருந்தேன்.

வேறுபாடு எங்கே இருந்தது? மரத்தடியில் நான் உண்மையாகவே அறியாதவனாய்க் கேட்டேன். வகுப்பறையில் விடை தெரிந்துகொண்டே கேட்டேன். அமெரிக்கக் கரோலினாப் பகுதியின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் களப்பணி செய்த ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983-இல் வெளியிட்ட நூலில் இதனையொத்த ஒன்றை விளக்குகிறார். அங்கே கருப்பினத்தார் வாழ்ந்த குடியிருப்பில், பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்பது அரிது. பள்ளியிலோ பெரும்பாலும் அத்தகைய கேள்விகளே. அதனால் பிள்ளைகள் திகைத்தனர். வீட்டின் பேச்சுமுறையும் பள்ளியின் பேச்சுமுறையும் மாறுபடும் இடத்தில், அம்மாறுபாடு பிள்ளையின் குறையாகப் பதிவாகிவிடுகிறது.

பட்டியலைத் திருத்தித் தர மீண்டும் பள்ளிக்குச் சென்றேன். அதற்குள் அதனைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தியிருந்தனர். அவன் கடைசி வரிசையில் இருந்தான். என் திருத்தம் ஏற்கப்பட்டது. இருக்கை மாறியதா என்பதை அறியுமுன் என் களப்பணிக் காலம் முடிந்துவிட்டது. முனைவர் பட்டம் எனக்குக் கிடைத்தது. அச்சிறுவனுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை.

ஆசிரியர்களே, இம்முறைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்புறம் கண்டதும் கேட்டதும், வலப்புறம் நீங்கள் கருதியது. ‘சோம்பேறி’ என்பது வலப்புறத்திற்கு உரியது. ‘முதற்பாட வேளையில் இருமுறை உறங்கினான்’ என்பது இடப்புறத்திற்கு உரியது. பிள்ளையின் பேச்சைத் திருத்தாமல் அவன் ஒலித்தவாறே எழுதுங்கள். பெற்றோரிடம் இசைவு பெறுங்கள், பெயரை மறையுங்கள், எழுதியதை உரியவரிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். ஒரு பள்ளியில் கண்டதை எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்துரைத்தல் தகாது. அதற்குப் புள்ளிவிவரத்தின் துணை வேண்டும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சில பள்ளிகளின் பெயரில் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை. மாணவர் எண்ணிக்கை 150-க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. அவ்வெண்ணும் நமக்குப் பாதிச் செய்தியையே தருகிறது. ஈப்போ நகரத்து அடுக்ககத்திலிருந்து வேனில் வந்திறங்கும் பிள்ளை வீட்டில் எம்மொழியில் கதை கேட்கிறது, யாரிடம் ஐயம் கேட்கிறது என்பதை யார் எழுதி வைத்திருக்கிறோம்? மாணவர்களே, தோட்டப் பள்ளியில் படித்த உங்கள் தாத்தா பாட்டி இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அமர்ந்த பலகையையும், வாங்கிய அடியையும், மனப்பாடம் செய்த பாடத்தையும் இவ்வாண்டே கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு என்பது அவர்கள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

‘பதில் இல்லை’ என்று எழுதுமுன், நாம் கேட்ட கேள்வி கேட்கத்தக்கதா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.