இன்வெர்ட்டருக்கும் எர்த் வேண்டும்

வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆனால் இன்வெர்ட்டர் வெளியே தருவது 230 வோல்ட். தெருவே இருண்டிருந்தாலும் வீட்டு வயர்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டருக்குள் இன்சுலேஷன் கெட்டு, வயர் உலோகப் பெட்டியில் பட்டால், பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். கசியும் மின்சாரம் மனித உடல் வழியே போகாமல் இருக்க, அதற்கென அமைத்துத் தரும் எளிய பாதையே எர்த்.

மூன்று பின் பிளக்கின் தடித்த பின் இதற்காகவே இருக்கிறது. அதை ஒருபோதும் கழற்றக்கூடாது. அதிலிருந்து பச்சை வயர் வீட்டின் எர்த் குழிவரை அறுபடாமல் செல்ல வேண்டும். குழியில் இறக்கும் குழாய் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043. எர்த் இல்லையென்று நியூட்ரலையே பெட்டியோடு இணைப்பது மிகக் கொடிய பழக்கம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கூடுதல் காவல். ஆனால் பேட்டரியில் ஓடும்போது சில இன்வெர்ட்டர்களின் நியூட்ரலுக்கு எர்த்தோடு தொடர்பே இருக்காது. அப்போது ஆர்.சி.சி.பி. கசிவை உணராமல் போகலாம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது துண்டித்துக்கொள்வதும் எர்த் சரியென்பதற்குச் சான்று ஆகாது. எர்த் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். ஆகவே, கரண்ட் இருக்கும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் தனித்தனியே எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்க வேண்டும்.

பேட்டரி முனைகள் ஒன்றோடொன்று உரசினால் எர்த் காப்பாற்றாது. அதற்குப் பாசிட்டிவ் முனையை ஒட்டியே தகுந்த ஃபியூஸ் வேண்டும்.